தொண்டும் ஊதியமும்

தருமத் தாபனங்களிற் பணிபுரிவோருக்கு ஊதியம் குறைவாயினும் மனநிறைவு மிகுதி என்பர். நேயர்களே, அம்மனநிறைவு எதனால் நிலைபெறுகின்றது?

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, சம்பளத்தில் ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட தருமத் தாபனங்களுக்கோ விலக்குண்டு. ஆகவே, அங்கு நெடுங்காலம் உழைத்த எழுதுவினைஞர் வெறுங்கையுடன் வீடு திரும்ப நேரலாம். சட்டம் விலக்களிப்பினும் அறம் விலக்களிப்பதில்லை.

நிதி குறைவெனின், நிருவாகத்தார் கணக்கை ஊழியர்முன் வைத்து உண்மையை உரைத்தல் நன்று. குறித்த நாளிற் சம்பளம், எழுத்திலமைந்த நியமனக் கடிதம், குறைகேட்கும் செவி ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. நம்பிக்கையை வளர்ப்பவையும் அவையே. "இது தொண்டுதானே" என்பது, விரும்பி உழைப்பவர் கூறுமிடத்துப் பெருமை. சம்பளம் கேட்டவருக்கு விடையாகுமிடத்து அநீதி. ஏழைக்கு இரங்கும் தாபனம் தன் ஊழியரை ஏழையராக்குதல் தகாது.