டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க் கசிவு (பழைய கனரக இயந்திரங்கள்)

டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க் கசிவு என்பது, பொறியின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் பற்சக்கரப் பெட்டியிலுள்ள எண்ணெய் அதன் அடைப்புகளைத் தாண்டி வெளியேறுவதாகும். பற்சக்கரப் பெட்டி பேச்சு வழக்கில் கியர்பாக்ஸ் அல்லது டிரான்ஸ்மிஷன் எனப்படுகிறது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய மண் அள்ளும் இயந்திரங்கள், புல்டோசர்கள் ஆகியவற்றில் இக்குறை பரவலாகக் காணப்படுகிறது. எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். ஆகவே இப்பழுதில் கடினமான பகுதி நீக்குவதன்று, கண்டறிவதே.

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம் வட்டாரத்தில் மாந்தோப்புகளைச் சமன் செய்தல், கண்மாய் தூர்வாருதல், வீட்டு அடித்தளம் தோண்டுதல் முதலிய வேலைகள் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் இயந்திரங்களால் செய்யப்படுகின்றன. மதுரை - நத்தம் தேசிய நெடுஞ்சாலை 785 போன்ற பெரும் பணிகளுக்கு ஒப்பந்த நிறுவனங்கள் தம் இயந்திரங்களைக் கொண்டு வருவதுண்டு. சிறு வேலைகளுக்கோ கைமாறி வந்த பழைய இயந்திரங்களே பெரும்பாலும் துணை.

இவ்வியந்திரங்கள் அனைத்தையும் மக்கள் ஜேசிபி என்றோ பொக்லைன் என்றோ அழைப்பர். இரண்டும் நிறுவனப் பெயர்கள். ஜேசிபி பிரித்தானிய நிறுவனம். 1979 இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து அரியானாவின் பல்லப்கரில் உற்பத்தியைத் தொடங்கியது. பொக்லைன் பிரான்சு நாட்டு நிறுவனம். அதன் இயந்திரங்களை லார்சன் அண்டு டூப்ரோ உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. சங்கிலித் தடத்தில் நகரும் பொக்லைன் வகையைப் பெரும்பாலும் ஐதராலிக் மோட்டார்களே நகர்த்துகின்றன. எனவே இக்கட்டுரை கூறும் குறை, முன்னால் பெரிய வாளியும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட சக்கர வகை ஜேசிபிக்கே மிகுதியும் பொருந்தும்.

எண்ணெயின் பணி

இவ்வகைப் பெட்டியில் எண்ணெய் வெறும் உராய்வு நீக்கி அன்று. பொறிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெயே விசையைக் கடத்துகிறது. முன்னும் பின்னும் செல்வதற்கான கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கொண்டு செல்வதும் அதே எண்ணெய்தான். அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கிச் சூடேறிக் கருகும். நெம்புகோலைத் தள்ளிய பின் இயந்திரம் தாமதித்து நகர்வது, நண்பகலில் மேட்டில் இழுவை குறைவது ஆகியவை முதல் அறிகுறிகள். இந்நிலையிலும் ஓட்டினால் ஒரு சீலுக்கான செலவு முழுப் பெட்டியையும் பிரிக்கும் செலவாக வளரும்.

எந்த எண்ணெய்?

முதலில் தரையில் கிடப்பது எந்த எண்ணெய் என அறிய வேண்டும். டீசல் பொறியின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். அச்சுப் பெட்டிகளின் கியர் எண்ணெய் தடித்து, கந்தக நெடி வீசும். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் சிவப்பாக இருக்கும் என்பது கார்களில் இருந்து வந்த நம்பிக்கை. பல பழைய கனரக இயந்திரங்களில் நிறமற்ற அல்லது தேன் நிற எண்ணெயே ஊற்றப்படுகிறது. அது ஐதராலிக் எண்ணெயைப் போலவே தோன்றும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் எல்லா எண்ணெய் அளவுகளையும் குறித்துக்கொண்டு, ஒரு நாள் ஓட்டிய பின் எது குறைந்தது எனப் பார்ப்பது உறுதியான முறை. டார்க் கன்வெர்ட்டர் உள்ள பல இயந்திரங்களில் எண்ணெய் சூடாகி, பொறி நியூட்ரலில் மெதுவாக ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். கையேடு கூறுவதையே பின்பற்ற வேண்டும்.

கசிவிடத்தைக் காணல்

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்றால் பின்னோக்கியும் பரவும். செம்மண்ணும் கல் தூசியும் அதனுடன் சேர்ந்து தடித்த அப்பமாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி, டீசலாலும் நீராலும் கழுவி உலர்த்தாமல் எதையும் முடிவு செய்ய இயலாது. உலர்ந்தபின் ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவி, இயந்திரத்தைச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்திய பின் பார்த்தால் ஈரக்கோடு தெரியும். அக்கோட்டின் மிக உயரமான புள்ளியே கசிவிடம்.

குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாய்களின் இணைப்புகள், வடிகட்டியின் ரப்பர் வளையம், வடிதிருகு, யோக் எனப்படும் வெளியீட்டுத் தண்டு முனைகளின் சீல்கள் ஆகியன வழக்கமான இடங்கள். யோக் சீலை மாற்றும்போது தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலோ, பழைய சீலின் உதடு தண்டில் பள்ளம் பதித்திருந்தாலோ புதிய சீலும் விரைவில் கசியும்.

பெல் ஹவுசிங்கின் அடியிலுள்ள துளையில் சொட்டும் எண்ணெய் மிகவும் ஏமாற்றக்கூடியது. அது பொறியின் பின்புறச் சீலில் இருந்தும் வரலாம். டார்க் கன்வெர்ட்டர் பக்கச் சீலில் இருந்தும் வரலாம். இரண்டுக்கும் பொறியையும் பெட்டியையும் பிரித்தாக வேண்டும். இது பல நாள் வேலை; அந்நாட்களில் உரிமையாளருக்கு வாடகையும் ஓட்டுநருக்குப் படியும் இல்லை. கறுப்பு எண்ணெயா, வெளிர் எண்ணெயா எனப் பிரிக்கும் முன்பே வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பிரித்தபின் இரு பக்கச் சீல்களையும் மாற்றுவது கூடுதல் செலவன்று.

சீல் குற்றமற்ற கசிவுகள்

பெட்டியின் மூச்சுத்துளை (பிரீதர்) மண்ணால் அடைபட்டால் உள்ளே சூடான காற்றின் அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். சீலை இருமுறை மாற்றியும் நிற்காத கசிவு, இத்துளையைக் கழுவியதும் நின்றுவிடுவதுண்டு.

ஐதராலிக் பம்பு பற்சக்கரப் பெட்டியின் பின்புறம் பொருத்தப்பட்ட இயந்திரங்களில், பம்புத் தண்டின் சீல் பழுதானால் ஐதராலிக் எண்ணெய் பெட்டிக்குள் புகும். அப்போது பெட்டியின் அளவு ஏறி, ஐதராலிக் தொட்டியின் அளவு இறங்கும். மிகுந்த எண்ணெய் நுரைத்து மூச்சுத்துளை வழியே வழியும். குறை பம்பில், தெரிவது பெட்டியில். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். குளிர்விப்பான் ரேடியேட்டருக்குள் அமைந்த வகைகளில் அதுவே முதல் ஐயத்துக்குரியது. நீர் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைக் கெடுக்கும் என்பதால் இந்நிலையில் இயந்திரத்தை ஓட்டலாகாது.

பாதுகாப்பு

அடியில் செல்லும் முன் வாளியையும் தோண்டும் கையையும் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பொறியை நிறுத்த வேண்டும். அழுத்தக் குழாயின் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கலாம். தோலுக்குள் எண்ணெய் புகுந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வடித்த எண்ணெயைத் தோப்பிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. கழிவு எண்ணெய் 2016 ஆம் ஆண்டின் தீங்கான கழிவு விதிகளின் கீழ் வருவதால், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.