ஒரு வேருக்காக நாற்பது ஆண்டுகள்

மாணவர்களே, பேரங்காடியில் பெரிது பெரிதாக, செக்கச் சிவந்த ‘ரெட் குளோப்’ திராட்சையைப் பார்த்திருப்பீர்கள். அது காட்டில் தானாகத் தோன்றிய பழமன்று. கலிபோர்னியாவில் 1980இல் வெளியிடப்பட்ட அந்த வகையை உருவாக்கியவர்களுள் ஒருவர் ஹரால்ட் ஓல்மோ.

1909இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஓல்மோ, மரபியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 30க்கும் மேற்பட்ட புதிய திராட்சை வகைகளைத் தந்தார்.

திராட்சை விதையை விதைத்தால் தாயைப் போன்ற கொடி முளைக்காது. இரு பெற்றோரின் மரபணுக்களும் ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறாகக் கலந்துவிடுகின்றன. அதனால்தான் விவசாயிகள் தண்டை வெட்டி நடுகிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தோட்டம் முழுவதும் ஒரே மரபணு என்பதால், ஒரு கொடியை வீழ்த்தும் நோய் எல்லாக் கொடிகளையும் வீழ்த்திவிடும். ஆகவே புதிய வகைகள் தேவை.

புதிய வகையை உருவாக்குவது எப்படி? திராட்சைப் பூ மிகச் சிறியது. ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கும். பூ மலருமுன் இடுக்கியால் மகரந்தத்தாள்களை அகற்றி, காகிதப் பையால் மூட வேண்டும். பிறகு, தேர்ந்தெடுத்த தந்தைக் கொடியின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். கிடைக்கும் விதை முளைத்துக் காய்க்கச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறுபவை மிகச் சிலவே.

ஓல்மோவின் பொறுமைக்கு ஒரு சான்று உண்டு. மண்ணிலுள்ள நூற்புழுக்கள் வேரைக் கடிக்கும்போது, ‘விசிறி இலை’ வைரஸைக் கொடிக்குள் செலுத்துகின்றன. அதன்பின் பூக்கள் சரியாகக் காய்ப்பதில்லை. அமெரிக்கக் காட்டு இனமான மஸ்கடைன் அந்தப் புழுக்களைத் தாங்கி நிற்கும். ஆனால் அதற்கு 40 குரோமோசோம்கள். சாதாரணத் திராட்சைக்கோ 38. எண்ணிக்கை பொருந்தாததால், இவ்விரண்டின் கலப்புக் கொடிகள் பெரும்பாலும் மலடாகிவிடும்.

மலடானால் என்ன? பழம் வேண்டாம், வேர் போதும்! ஓல்மோ 1940களில் அந்தக் கலப்பைச் செய்தார். அதில் கிடைத்த கொடியின் வேர்மீது நல்ல திராட்சையை ஒட்டுக் கட்டினால், வைரஸ் புகுந்தாலும் விளைச்சல் குன்றவில்லை. ‘ஓ39-16’ என்ற அந்த வேர்ச்செடி விவசாயிகளின் கைக்குச் சேர்ந்தது 1980களின் இறுதியில். ஓல்மோ 1977இலேயே பணி ஓய்வு பெற்றிருந்தார். ஆராய்ச்சிக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. 2006இல், 96ஆம் வயதில் மறைந்தார்.

சிந்தியுங்கள்: விதையில்லாத் திராட்சையின் கரு பாதியிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அப்படியானால், கலப்பு செய்யும்போது அந்தக் கொடி தாயாக இருக்க வேண்டுமா, தந்தையாகவா? ஏன்?