கேம்பிங் வண்டியில சுடுதண்ணி ஷவர்... தேவையா, வெட்டிச் செலவா? ஒரு பக்கெட் கணக்கு!

போன ஜனவரி. பாண்டியிலிருந்து நாலு பேர், ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்னாடி தார்ப்பாய், மெத்தை, அடுப்பு, ரெண்டு 20 லிட்டர் தண்ணி கேன். கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் கேம்பிங் இடத்துல ராத்திரி தங்கினோம். காலையில எழுந்து கேன் தண்ணியில கை வெச்சா, விரல் மரத்துப் போச்சு. "கவலைப்படாதீங்க, நான் ஹீட்டர் ராடு கொண்டாந்திருக்கேன்"னு ஒரு நண்பன் பெருமையா எடுத்தான். வண்டி பேட்டரியில சின்ன இன்வெர்ட்டரை மாட்டி, ராடை பக்கெட்டுக்குள்ள விட்டோம்.

கொஞ்ச நேரத்துல இன்வெர்ட்டர் 'பீப் பீப்'னு கத்தி நின்னுடுச்சு. தண்ணி வெதுவெதுன்னுகூட ஆகலை. அதைவிடக் கொடுமை, வண்டி ஸ்டார்ட் ஆகலை! குளிக்காத நாலு பேரும் சேர்ந்து வண்டியைச் சரிவுல தள்ளித்தான் கிளப்பினோம். தள்ளின வேகத்துல குளிர் விட்டுப்போச்சுங்கிறது தனிக்கதை.

இப்போ வார இறுதியில வண்டியிலேயே தங்கி ஊர் சுத்துறது நம்ம பசங்ககிட்ட வேகமா பரவுது. அடுத்த கேள்வியும் வந்துடுது: "வண்டியில ஷவர், ஹீட்டர் எல்லாம் வெச்சுக்கலாமா?" வாங்க, கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

பாண்டிக்கு ஷவர், மலைக்குச் சுடுதண்ணி

முதல்ல ஒண்ணைத் தெளிவாப் பிரிச்சுக்கணும். ஷவர் வேற, சுடுதண்ணி வேற. ரெண்டும் ஒரே இடத்துல தேவைப்படுறது ரொம்பக் குறைவு.

பாண்டியில மார்கழி காலையிலகூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு மொட்டைமாடி டேங்க் தண்ணியைத் திறந்தா, குளிக்கவா டீ போடவான்னு சந்தேகம் வரும். இங்க வண்டியில ஹீட்டர் எதுக்கு?

ஆனா செரினிட்டி பீச்ல சர்ஃபிங் முடிச்சுட்டு வர்றவங்களைக் கேளுங்க. உடம்பெல்லாம் உப்பு, தலையெல்லாம் மணல். அப்படியே வண்டி சீட்ல உட்கார்ந்தா அன்னிக்கு முழுக்க பிசுபிசுன்னு அரிக்கும். அங்க மூணு, நாலு லிட்டர் நல்ல தண்ணி சாரலா மேல விழுந்தா அதுதான் சொர்க்கம். சூடு தேவையே இல்லை.

மலையில கதை தலைகீழ். தோராயமா 1,000 மீட்டர் ஏறினா 6.5 டிகிரி குறையும். சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்குற ஏற்காட்டுல நம்ம ஊரைவிட 10 டிகிரி குறைவா இருக்கும். 2,100 மீட்டர்ல இருக்குற கொடைக்கானல்ல 13, 14 டிகிரி குறையும். ஊட்டியில ஜனவரி விடியற்காலை புல்லு மேல உறைபனியே படியும். ராத்திரி முழுக்க வெளியில இருந்த கேன் தண்ணியைத் திடீர்னு தலையில ஊத்தினா, மூச்சு ஒரு நொடி அடைச்சு, அப்புறம் வேக வேகமா வாங்கும். இதயப் பிரச்னை இருக்குறவங்களுக்கு இது விளையாட்டு இல்லை. இங்கதான் சுடுதண்ணி நிஜமாவே தேவை.

பேட்டரி ஏன் ஏமாத்துச்சு?

15 டிகிரியில இருக்குற ஒரு பக்கெட் தண்ணியை, அதாவது 15 லிட்டரை, 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 440 வாட்-ஹவர் சக்தி வேணும். தண்ணியைச் சூடாக்குறது அவ்வளவு பெரிய வேலை. இதை எந்த பிராண்டு ஹீட்டராலயும் குறைக்க முடியாது.

தனியா ஒரு 12 வோல்ட், 100 ஏ.ஹெச். பேட்டரி வெச்சிருந்தா, பேப்பர்ல 1,200 வாட்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா ஆயுசு குறையும். அப்போ கையில இருக்குறது 600 தான். ஒருத்தர் குளிச்சாலே முக்கால்வாசி காலி! ஃபோன் சார்ஜ், லைட், ஃபேன் எல்லாம் அம்போ. லித்தியம் பேட்டரியா இருந்தா ரெண்டு பேர் குளிக்கலாம், அவ்வளவுதான்.

நாங்க பண்ணின தப்பு இன்னும் பெருசு. வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்குன்னு இருக்குற பேட்டரியிலயே ராடை மாட்டினோம். அது ஒரு சில நொடி வேகமா கரன்ட் கொடுக்குறதுக்காகச் செஞ்சது. 1,000 வாட் ராடுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதை அது தாங்காது.

வெயில்ல வெச்சா சூடாகாதா?

ஆகும். கறுப்பு கலர் 'சோலார் ஷவர் பை'யில 20 லிட்டர் தண்ணி ஊத்தி வண்டி பானெட் மேல படுக்க வெச்சா, நல்ல வெயில்ல ரெண்டு, மூணு மணி நேரத்துல 10 டிகிரிக்கு மேல ஏறிடும். பைசா செலவில்லை.

சிக்கல் என்னன்னா, வெயில் கொளுத்துற ஊர்ல சுடுதண்ணி வேணாம். சுடுதண்ணி வேணும்னு தோணுற ஊர்ல காலையில மூடுபனி! அதனால மலைக்குப் போறப்போ குளியல் நேரத்தை மாத்துங்க. காலைக் குளியலை மறந்துட்டு, மதியம் மூணு, நாலு மணிக்குக் குளிங்க. வெயில்ல வெச்ச தண்ணியும் ரெடியா இருக்கும், தலைமுடியும் இருட்டுறதுக்குள்ள காஞ்சிடும். ஈரத் தலையோட மலைக் குளிர்ல தூங்கப் போறதைவிட மோசமான ஐடியா இல்லை.

பாட்டி டெக்னிக்: விளாவுதல்

இருக்குறதுலயே சிம்பிளான வழி நம்ம வீட்டுலயே இருக்கு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறப்போ பாட்டி என்ன பண்ணுவாங்க? மொத்தத் தண்ணியையுமா காய்ச்சுவாங்க? ஒரு பாத்திரம் கொதிக்க வெச்சு, பச்சைத் தண்ணியில விளாவுவாங்க.

அதே கணக்குதான். 5 லிட்டர் கொதிக்கிற தண்ணி, 10 லிட்டர் ஜில் தண்ணி. ரெண்டையும் விளாவினா 15 லிட்டர், சுமார் 40 டிகிரி. பக்குவமான சூடு. (கொடைக்கானல் உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும். அதுவே போதும்.) எப்பவும் பக்கெட்ல முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் கொதிநீர். கையில சூடு படாம இருக்கும்.

சின்ன கேஸ் அடுப்புல இதுக்கு அரை மணி நேரம் ஆகும். கேஸ் சுமார் 70 கிராம் செலவாகும். கடையில கிடைக்கிற 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒண்ணு இருந்தா, வார இறுதிக்குச் சமையலுக்கும் சேர்த்தே தாராளமா வரும். எங்க பேட்டரியால முடியாத வேலையை, ஒரு கைப்பிடி கேஸ் முடிச்சிடுது!

ஆனா, அடுப்பு எங்க எரியுதுங்கிறது முக்கியம்

இந்த ஒரு விஷயத்துல மட்டும் ஜாலியே கிடையாது மக்களே. கேஸ் அடுப்போ, கேஸ் கீஸரோ, கரி அடுப்போ, ஜெனரேட்டரோ, எரியுற எதுவா இருந்தாலும் காத்து சரியாப் போகாத இடத்துல கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல, அதைவிட 200 மடங்குக்கும் மேல பலமா இது போய் ஒட்டிக்கும். லேசாத் தலைவலி, அப்புறம் தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோம்.

2024 டிசம்பர்ல கேரளாவோட வடகராவுல சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டரிலிருந்து உள்ள கசிஞ்ச கார்பன் மோனாக்சைடுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சது. ஏ.சி. போட்டுக்கிட்டுத் தூங்கினதுக்கு விலை, ரெண்டு உயிர்.

அதனால வண்டிக்குள்ளயும் டென்ட்டுக்குள்ளயும் எதையும் எரிக்காதீங்க. "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சிருக்கோமே"ங்கிறது பாதுகாப்பு இல்லை. மழை பெய்யுதா? அன்னிக்குக் குளிக்க வேணாம். குளிக்காம யாரும் செத்ததில்லை.

தண்ணிக்கு எடை உண்டு

வீட்டு ஷவர் ஒரு நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் கொட்டும். அஞ்சு நிமிஷம் பாட்டுப் பாடிக் குளிச்சா 50 லிட்டர், அதாவது 50 கிலோ. ரெண்டு பேருக்கு 100 கிலோ. இதை வண்டிக் கூரை மேல டேங்க்ல ஏத்திக்கிட்டுக் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல திரும்பிப் பாருங்க... வேணாம், பார்க்க வேணாம்! கூரையில எடை ஏறினா வளைவுல வண்டி சாயுற அபாயமும் ஏறும். தண்ணி எப்பவும் கீழ, வண்டிக்கு நடுவுல இருக்கணும்.

ஷவர் ஃபீல் வேணும்னா, பக்கெட்டுக்குள்ள போடுற சின்ன யு.எஸ்.பி. பம்ப் ஷவர் வாங்கலாம். இது தண்ணியை மெதுவாத்தான் தள்ளும். நனைச்சுட்டு ஆஃப், சோப்பு போட்டுட்டு ஆன். இப்படிக் குளிச்சா 7, 8 லிட்டர்ல வேலை முடியும். நீள முடி இருக்குறவங்களுக்கு மக்கைவிட இது நிஜமாவே வசதி.

இன்னொண்ணு. வண்டியில நிரந்தரமா டேங்க், பைப், கீஸர்னு மாத்திக் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, வண்டியோட அடிப்படை அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த விடாது. பி.ஒய். நம்பரா இருந்தாலும் அதே சட்டம்தான். கழற்றி வீட்டுக்குள்ள வெச்சுக்கிற பக்கெட்டுக்கு எந்த ஆர்.டி.ஓ-வும் கேள்வி கேட்க மாட்டாங்க.

சுடுதண்ணியைவிட முக்கியமானது

எங்களோட வந்த தோழி திரும்பி வர்றப்போ ஒண்ணு சொன்னா: "உங்களுக்கு ஹீட்டர் இல்லைங்கிறது கவலை. எனக்கு மறைவு இல்லைங்கிறதுதான் கவலை. நீங்க துண்டைக் கட்டிக்கிட்டு எங்க வேணா குளிச்சிடுவீங்க." எங்க நாலு பேர்ல மூணு பேருக்கு அது தோணவே இல்லை.

அடுத்த பயணத்துக்கு நாங்க வாங்கினது ஹீட்டர் இல்லை. ஆள் நிற்கிற உயரத்துக்கு, தூக்கிப் போட்டா விரியுற சின்ன மறைப்பு டென்ட். குளிக்க, உடை மாத்த, பீரியட்ஸ் நாள்ல சுத்தம் பண்ணிக்க, எல்லாத்துக்கும் அதுதான். அந்த நாள்கள்ல ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கையில இருந்தா போதும், முழுக் குளியலே தேவைப்படாது.

வாரக்கணக்கா வண்டியிலயே வாழுற லாரி டிரைவர் அண்ணன்களைப் பாருங்க. ஒரு பக்கெட், ஒரு மக்கு, ஒரு துண்டு. எந்த பங்க்ல, எந்த தாபாவுல, எந்த பம்ப்செட்ல குளிக்க விடுவாங்கன்னு மனப்பாடமா வெச்சிருப்பாங்க. நாமளும் போற வழியில கேட்டுக் குளிச்சுட்டா, கேன் தண்ணி மிச்சம்.

ஆனா ஓடையில சோப்பு வேணாம். 'ஆர்கானிக்' சோப்பா இருந்தாலும் மீனுக்குத் தெரியாது. ஓடையை விட்டு 60 மீட்டராவது தள்ளி மண்ணுல ஊத்துங்க.

சரி, முடிவா என்ன வாங்கலாம்?

* கடற்கரை, ஒருநாள் டிரிப்: ஒரு கேன் நல்ல தண்ணி, ஒரு பம்ப் ஷவர். ஹீட்டர் வேணாம்.
* மலை, ஒண்ணு ரெண்டு ராத்திரி: 5 லிட்டர் பாத்திரம், அடுப்பு, பக்கெட், மறைப்பு டென்ட். விளாவிக் குளிங்க.
* மாசக்கணக்குல ஊர் சுத்தப் போறீங்க, குழந்தையோ வயசானவங்களோ கூட வர்றாங்க: அப்போ சுடுதண்ணி ஏற்பாட்டுக்குச் செலவு பண்றது நியாயம். முறைப்படி அனுமதி வாங்கின கேரவனா பாருங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

ஊட்டி, கொடைக்கானல் போறவங்க இ-பாஸ் எடுக்க மறந்துடாதீங்க. வண்டியைத் தள்ளுற நிலைமை வந்தா எங்களை நினைச்சுக்கோங்க!