பேரப்பிள்ளை கண்டவருக்கு ஒரு பொறியியற் பாடநெறி

பாடநெறி வகுப்போர் முதலிற் புத்தகத்தைத் தேடுவர். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், திலோனியா கிராமத்தில், 1972இல் பங்கர் ரோய் தொடங்கிய ‘வெறுங்கால் கல்லூரி’யோ முதலில் ஆளைத் தேடியது. சூரிய மின்சாரம் கற்ற இளைஞன், சான்றிதழ் கைக்கு வந்ததும் பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிடுவான். பேரப்பிள்ளை கண்ட தாயோ ஊரிலேயே இருப்பார் என்பது அவர் கணிப்பு. அந்தத் தாய்மாரையே மாணவிகளாக்கினார்.

பயிற்சிக் காலம் ஆறு மாதம். பல நாடுகளிலிருந்து வந்த, எழுத்தறியாத பெண்களுக்குப் பொதுமொழி இல்லை. தடையி என்னும் சிறு உறுப்பின் பெறுமதியை அதன்மேலுள்ள நிற வளையங்களே சொல்லும் அல்லவா? அந்நிறங்களே அவர்களுக்கு அரிச்சுவடி. மற்றவை சைகையும் கைப்பழக்கமும். ஈயம் பற்றவைக்கவும், பற்றரிக்கு அளவுமீறி மின்னேறாமற் காக்கும் கருவியைப் பூட்டவும், பழுதைத் திருத்தவும் கற்றனர். எழுத்தில்லாமல் மின்னியலா என ஐயுறுவோர், 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் நாம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதை நினைக்கட்டும்.

ஊர் திரும்பியபின் நடப்பதும் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் செலவிட்ட பணத்தை அளவாகக் கொண்டு, குடும்பங்கள் மாதந்தோறும் ஊர்க்குழுவுக்குக் கட்டணம் செலுத்தின. அதிலிருந்தே பழுதுபார்ப்பவருக்குக் கூலி. இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், முதற் பழுதோடு விளக்கு அணைந்துவிடும்.

சான்றிதழ் வழங்குவதில்லை என்பதும் அக்கல்லூரியின் கொள்கை. இதில் மட்டும் நமக்குத் தயக்கம் உண்டு. இடம்பெயர்ந்தவருக்கு ஊரே மாறிவிடுகிறது. முகமறியாதோர் நடுவே வேலை கேட்கும்போது, கைத்திறனுக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் கடதாசியாவது வேண்டாமா?