கொள்ளைநோய்க் காலத்து நஷ்டநிவாரணம்: அமெரிக்கக் கவுண்டி ஒன்றின் அனுபவம்

சர்க்கார் விவசாயிகளுக்கு நிவாரணத் தொகை வழங்க முற்படுங்கால், தொகையின் அளவைக் காட்டிலும், அது யாருக்கு, எக்கணக்கின்மேல் சேரவேண்டுமென்பதே கடினமான விஷயமாகும். 2020-ம் வருஷத்துக் கொரோனா கொள்ளைநோயின்போது அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்தேறிய ஏற்பாடு இதற்குத் தக்க உதாரணமாம்.

அயோவா ராஜ்யத்தின் வடமேற்கிலுள்ள சூ கவுண்டி, பன்றியும் மாடும் மிகுதியாக வளர்க்கப்படும் பிரதேசம். 2020 ஏப்ரல் மாதத்தில், அடுத்த ராஜ்யத்துச் சூ ஃபால்ஸ் நகரிலுள்ள பெரிய பன்றியிறைச்சித் தொழிற்சாலை, தொழிலாளரிடையே நோய் பரவியமையால் மூடப்பட்டது. பிற இடங்களிலும் இவ்வாறே நேர்ந்தது. விற்பனைக்குத் தயாரான பிராணிகளை வாங்குவோரின்றி விலை வீழ்ந்தது. தீனிச் செலவோ நிற்கவில்லை.

அம்மாதம் 17-ந் தேதி மத்திய விவசாய இலாகா 1,900 கோடி டாலர் உதவித் திட்டத்தை வெளியிட்டது. அதில் 1,600 கோடி உற்பத்தியாளருக்கு நேராகவும், 300 கோடி உணவுப் பொருள்களை வாங்கி விநியோகிக்கவும் ஒதுக்கப்பட்டது. மே 26 முதல் செப்டம்பர் 11 வரை மனுக்கள் பெறப்பட்டன. கவுண்டிதோறும் உள்ள பண்ணைச் சேவை அலுவலகமே மனுக்களைப் பெற்றது. இவ்வலுவலகங்களின் நிர்வாகத்தில், விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்கும் பங்குண்டு.

கணக்கிடும் முறை பின்வருமாறு. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற பன்றிகளில், 120 ராத்தலுக்குக் குறைந்தவற்றுக்குத் தலைக்கு 28 டாலரும், மற்றவற்றுக்கு 18 டாலரும் அளிக்கப்பட்டன. ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பில் இருந்த உச்ச எண்ணிக்கைக்குத் தலைக்கு 17 டாலர். ஆகவே, 120 ராத்தலுக்கு மேற்பட்ட 500 பன்றிகளை விற்று, 800 பன்றிகளைக் கையிருப்பில் கொண்டிருந்தவருக்கு 9,000-மும் 13,600-ம் சேர்ந்து 22,600 டாலர் ஏற்பட்டது. முதலில் நூற்றுக்கு 80 வீதம், அதாவது 18,080 டாலர், கொடுக்கப்பட்டு, எஞ்சியது பின்னர் அளிக்கப்பட்டது. ஒருவருக்கு உச்ச வரம்பு 250,000 டாலர்.

செப்டம்பர் 21-ந் தேதி தொடங்கிய இரண்டாம் திட்டத்தில், மக்காச்சோளம், சோயா மொச்சை போன்ற பயிர்களுக்கு ஏக்கர் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 15 டாலர் விதிக்கப்பட்டது. 2021-ல் ஏக்கருக்கு மேலும் 20 டாலர் சேர்க்கப்பட்டது.

இனி, உரியவர் யார் என்பது. நிலத்தின் சொந்தக்காரர் என்ற காரணத்தினால் மட்டும் எவரும் தொகை பெறவில்லை. விளைவின் நஷ்டத்தில் பங்குகொள்பவரே பாத்தியஸ்தராவார். விளைவில் வாரம் பெறும் நிலச்சொந்தக்காரர் தம் பங்குக்கு மனுச் செய்யலாம். ரொக்கக் குத்தகை பெறுபவருக்கு இடமில்லை, குத்தகைதாரரே பெறுவார்.

இவ்விதியால் ஒரு கஷ்டமும் விளைந்தது. கம்பெனியாரின் பிராணிகளைத் தம் கொட்டகையில் ஒப்பந்தத்தின்பேரில் வளர்ப்போர், பிராணி தம்முடையதல்ல என்பதால் 2020-ல் விலக்கப்பட்டனர். கொட்டகை காலியாகக் கிடந்தாலும் கட்டடக் கடனின் தவணை நிற்கவில்லை. 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்பேரிலேயே, அவர்தம் வருமான நஷ்டத்தில் நூற்றுக்கு 80 வரை அளிக்க வழி ஏற்பட்டது. அதற்கான திருத்திய விதிகள் 2021 ஆகஸ்டில் வெளிவந்தன.

மனுதாரர் தாமே உறுதிகூறிய கணக்கு முதலில் ஏற்கப்பட்டது. எனினும் தணிக்கையில் கேட்டால் ரசீதுகளையும் பதிவுகளையும் காட்டவேண்டியிருந்தது. அவற்றை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டுமென்பதும் நிபந்தனை.

இதனின்று தெளிவாவது யாதெனில், நிவாரணத்தின் நியாயம், சாகுபடி செய்பவர் யார், நஷ்டம் யாரைச் சார்ந்தது என்ற பதிவைப் பொறுத்ததென்பதே. விற்பனைச் சீட்டும், இருப்புக் கணக்கும், குத்தகைப் பத்திரமும் நல்ல காலத்திலேயே ஒழுங்காக எழுதிவைக்கப்படுமாயின், ஆபத்துக் காலத்தில் உதவி உரியவர் கைக்குத் தாமதமின்றிச் சேரும்.