உங்களுக்குத் தெரியுமா? சம்பளம் கேட்காத சிபில்!

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, கடன் கேட்டு வங்கிப் படியேறினால் மேனேஜர் முதலில் பார்ப்பது சிபில் மார்க்கைத்தான். அந்த மூன்று இலக்க எண்ணைப் பற்றிச் சில சுவையான, சில சுடுகிற தகவல்கள்.

● நாலு பேர் போடும் மார்க்
300-க்கும் 900-க்கும் நடுவில் போடப்படும் இந்த மதிப்பெண்ணைத் தருவது சிபில் மட்டுமல்ல. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. சிபில் 2000-இல் தொடங்கியதால் அந்தப் பெயரே ஊர்வழக்காக நின்றுவிட்டது. நாலு பேரும் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால், மார்க்கும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

● சம்பளத்துக்கு மார்க் இல்லை
மாதம் லட்ச ரூபாய் வாங்கும் மில் அதிகாரி தவணையைத் தவறவிட்டால் மார்க் சரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து வாரக்கூலி வாங்குபவர் டியூவை நாள் தவறாமல் கட்டினால் மார்க் ஏறும். வருமானம், சேமிப்பு, வங்கி டெபாசிட், சொந்த வீடு எதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதுதான் கேள்வி.

● அப்படியானால் வருமானம் எதற்கு?
அது வங்கி தனியாகப் போடும் கணக்கு. மாத வருமானம் 30,000 ரூபாய். ஏற்கெனவே பைக் டியூ 4,000, வீட்டுக் கடன் 9,000 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 7,000 ரூபாய்த் தவணை சேர்ந்தால் மொத்தம் 20,000. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மார்க் 800 இருந்தாலும் மேனேஜர் உதட்டைப் பிதுக்கக்கூடும். மார்க் சொல்வது கட்டும் பழக்கத்தை. வருமானம் சொல்வது கட்டும் சக்தியை.

● மில் சம்பளம், பால்கோவா வருமானம்
1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு மாதச் சம்பளம் பழக்கமானது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் கதை வேறு. ஆடிப்பூரத் தேரோட்டம் என்றால் கடையில் கூட்டம் அலைமோதும். மற்ற நாளில் அப்படி இருக்காது. சிபிலுக்கு சீசனும் தெரியாது, டல் மாதமும் தெரியாது. கையில் காசு புரளும் தேதியாகப் பார்த்து டியூ தேதியைக் கேட்டு வாங்குவதும், ஒரு தவணைப் பணத்தை எப்போதும் கணக்கில் விட்டுவைப்பதும் வியாபாரிக்கு நல்லது.

● மூன்று சைபர் நல்ல சகுனம்
சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்குக் கீழேயும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். 36 மாதக் கட்டங்கள் வரை தெரியும் என்பதால், என்றோ விட்ட தவணையும் வெகுநாள் பல்லிளிக்கும்.

● கடனே வாங்காதவர்
"நான் யாரிடமும் கைநீட்டியதில்லை" என்பவருக்கு முழு மார்க் கிடைக்காது, மார்க்கே இருக்காது. கைமாற்று, தண்டல், கந்துவட்டி, வீட்டுச் சீட்டு எதை எவ்வளவு நாணயமாகக் கட்டினாலும் சிபிலில் பதிவாகாது. ஆனால், முதல்முறை கடன் கேட்பவரை முன்கடன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு.

● குழுக் கடனும் உங்கள் பெயரில்தான்
மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் பத்துப் பேரோடு உட்கார்ந்து வாங்கினாலும், கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகும். இங்கே வருமானத்துக்கும் வேலை உண்டு. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன். எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஒரே வீட்டுக்கு நாலு குழு கடன் கொடுத்தால் இந்த விதி என்ன ஆனது என்று தாராளமாகக் கேட்கலாம்.

● ஜாமீன் கையெழுத்து
மச்சானுக்காகப் போட்ட கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் ஏறும். அவர் கட்டாமல் விட்டால் அடி உங்கள் மார்க்குக்கும்தான். "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஒன்று கிடையாது.

● கடையில் வாங்கிய செல்போனும் கடன்தான்
"வட்டியில்லாத் தவணை" என்று வாங்கும் போன், ஃபிரிட்ஜ் எல்லாமே பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனி தரும் கடன். ஒரு தவணை விட்டாலும் பதிவாகும். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் லிமிட் இருந்தால் 45,000 வரை தேய்ப்பதும் மார்க்கைக் குறைக்கும். 30 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது என்பது பொதுவான ஆலோசனை.

● 'செட்டில்' வேறு, 'குளோஸ்' வேறு
மூன்று லட்சம் பாக்கிக்கு இரண்டு லட்சம் கட்டிப் பேசி முடித்தால் வசூல்காரர் வரமாட்டார். ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் விழும். அடுத்த வங்கி அதை "முழுசாகக் கட்டாதவர்" என்றே படிக்கும். முழுத் தொகையும் கட்டி 'குளோஸ்டு' ஆக்கி, பாக்கியில்லாச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

● பெயர் மாறினாலும் கடன் மாறாது
1977-இல் தொடங்கிய பாண்டியன் கிராம வங்கியில் கடன் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். 2019 ஏப்ரல் 1 அன்று அது பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. போர்டு மாறினாலும் பழைய கடன் கணக்கு அப்படியே தொடரும். முடித்த கடன் முடிந்ததாகவே பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

● பார்த்தால் குறையாது
உங்கள் மார்க்கை நீங்களே பார்த்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால்தான் குறையும். நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம்.

● தப்புக்கு தினம் 100 ரூபாய்
கடன் கொடுத்தவர்கள் 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை இந்த நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதனால் கட்டிய பணம் முன்னைவிடச் சீக்கிரம் கணக்கில் ஏறும். அப்படியும் தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்!