'கர்ணன்'னா... எந்தக் கர்ணன்?

இடையஞ்சாவடி டீக்கடை பெஞ்சில் 'கர்ணன்' என்று ஆரம்பித்தாலே போதும், தாத்தாவும் பேரனும் மோதிக்கொள்கிறார்கள். தாத்தாவுக்கு அது 1964-ல் பந்துலு எடுத்த சிவாஜி படம். பேரனுக்கு 2021-ல் மாரி செல்வராஜ் எடுத்த தனுஷ் படம்.

"எங்க ஆளு கவச குண்டலத்தோட வந்தாருடா!"

"எங்க ஆளு அந்தரத்துலயே மீனை வெட்டினாரு தாத்தா!"

ஆனால், பேரன் சிவாஜி படத்தையும் பார்த்திருக்கிறான். பழுதான பிலிமை டிஜிட்டலில் சரிசெய்து 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டதால்தான் அது முடிந்தது. சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2024-ல் 'கில்லி'க்கு விசில் பறந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லாப் படத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. டி.பி.ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931). ஒரு பிரின்ட்கூட மிஞ்சவில்லை.

"நல்லா இருந்துச்சா தாத்தா?"

"நான் எங்கடா பார்த்தேன்!"